ஃபிளாப் வைத்த பிறகும் வேக் மிஷின் எதற்கு? பஞ்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

அந்தியூரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணனுக்கு 27 வயது. பெருந்துறை பக்கம் பைக்கில் போகும்போது லாரி மோதி, முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து வெளியே தெரிந்திருக்கிறது. கோவையில் சேர்த்துக் காயத்தைக் கழுவி, வெளியில் கம்பி போட்டு, நாலு நாள் 'வேக்' மிஷின், அதாவது காயத்திலிருந்து காற்றையும் நீரையும் உறிஞ்சும் மிஷின், வைத்திருக்கிறார்கள். அப்புறம் தொடையிலிருந்து சதை எடுத்துக் காலில் வைத்து (அந்தச் சதைதான் 'ஃபிளாப்'), அதற்கு மேல் தோல் ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள் திரும்பவும் மிஷின் வந்துவிட்டது. "ஃபிளாப் ஃபெயிலாகிவிட்டது, அதனால்தான் மறுபடி மிஷின் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அடுத்த வாரம் சின்ன மிஷினோடு வீட்டுக்கு அனுப்பப் போவதாக டாக்டர் சொல்கிறார். சீழ் வைக்கும் என்று அம்மா முட்டையும் பருப்பும் கொடுப்பதை நிறுத்திவிட்டார். எதை நம்புவது?" என்று கேட்கிறார்.

கோவையில் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் பல வருஷமாக வேலை பார்க்கும் செவிலியர் நான். உங்கள் அண்ணனின் காலை நான் பார்க்கவில்லை. அதனால் அவருக்கு என்ன என்று தீர்மானமாகச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியதிலேயே ஒரு நல்ல சேதி இருக்கிறது. ஃபிளாப் முழுசாக இறந்திருந்தால் டாக்டர் டிஸ்சார்ஜைப் பற்றிப் பேச மாட்டார். அந்தச் சதையை எடுத்துவிட்டு அடுத்து எங்கிருந்து எடுத்து வைப்பது என்றுதான் பேசுவார். சின்ன மிஷினோடு வீட்டுக்குப் போகலாம் என்கிறார் என்றால், பெரிய வேலை நின்றுவிட்டது, சின்ன வேலை ஏதோ பாக்கி இருக்கிறது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம்.

அந்தச் சின்ன வேலை என்ன என்று தெரிய ஒரே வழி, மிஷினுக்காகக் காயத்தின் மேல் வைக்கும் பஞ்சு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பதுதான். மிஷின் கட்டிலில் தொங்குகிறது, டியூப் காலுக்குப் போகிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்தக் கறுப்புப் பஞ்சு ஃபிளாப் மேலேயே இருக்கிறதா, ஓரத் தையலிலா, சதை எடுத்த தொடையிலா? ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் வேறு. நாளைக்கு ரவுண்ட்ஸ் வரும்போது "பஞ்சு எந்த இடத்தில் வைத்திருக்கிறீர்கள், எதற்காக?" என்று கேளுங்கள். நோயாளியின் வீட்டார் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதலில் மிஷின் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். காயத்தில் துளைகள் நிறைந்த பாலியூரித்தேன் பஞ்சை அளவாக வெட்டி வைப்பார்கள். மேலே ஒட்டுகிற பிளாஸ்டிக் ஃபிலிமால் காற்று புகாமல் மூடுவார்கள். ஃபிலிமில் சின்ன ஓட்டை போட்டு டியூபை ஒட்டி மிஷினில் இணைப்பார்கள். மிஷின் காற்றை இழுத்ததும் உப்பியிருந்த பஞ்சு உலர்ந்த திராட்சை மாதிரி சுருங்கிக் கெட்டியாகிவிடும். அப்படிச் சுருங்கி நின்றால்தான் சீல் சரியாக இருக்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். வழக்கமாக வைக்கும் அளவு மைனஸ் 125, ரத்த அழுத்தம் அளக்கும் அதே மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 760. அதில் சுமார் ஆறில் ஒரு பங்கைக் குறைக்கிறது மிஷின், அவ்வளவுதான்.

இதனால் காயத்தின் ஓரங்கள் நடுப்பக்கம் இழுபடும், தேங்குகிற நீர் வெளியேறும், வீக்கம் குறையும், பஞ்சின் துளைகளுக்குள் திசு கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கப்படுவதால் செல்கள் வளரத் தூண்டப்படும். அமெரிக்காவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் அர்ஜென்டா, மோரிக்வாஸ் என்ற இருவர் பன்றிகளில் சோதித்து, நோயாளிகளுக்கும் பயன்படுத்தி, 1997-ல் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். 125 என்ற எண்ணும் அந்தச் சோதனைகளிலிருந்து வந்ததுதான். நம் வார்டுகளில் சொல்கிற 'வேக்', அந்த முறையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்.

மிஷின் செய்யாத வேலையையும் தெரிந்துகொள்ளுங்கள். செத்த சதையை அது எடுக்காது, டாக்டர்தான் கத்தியால் எடுக்க வேண்டும். அம்மணமாகத் தெரிகிற எலும்பை அது மூடாது. எலும்பின் மேலுறை உரிந்துபோன இடத்தில் தோல் ஒட்டினாலும் பிடிக்காது, அடியில் ரத்த ஓட்டம் வேண்டும். அதற்காகத்தான் தன் ரத்தக் குழாயோடு சேர்த்துச் சதையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள், அதுதான் ஃபிளாப். முழங்காலை ஒட்டிய மேல்பகுதி என்றால் கெண்டைச் சதையைத் திருப்பிவிட்டே மூடலாம். நடுப்பகுதிக்கு அதன் அடியில் இருக்கும் இன்னொரு தசை உதவும். கணுக்கால் பக்கம் வந்துவிட்டால் திருப்பிவிட அக்கம்பக்கத்தில் போதுமான சதை கிடையாது. பெரும்பாலும் தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ சதையை முழுசாக எடுத்து, மைக்ராஸ்கோப் வைத்து ரத்தக் குழாயோடு ரத்தக் குழாயைத் தைக்க வேண்டியிருக்கும். உங்கள் அண்ணனுக்குச் செய்தது இந்தப் பெரிய ஆபரேஷன்தான் என்று நினைக்கிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் வைத்த நாலு நாள் மிஷின் ஒரு இடைக்கால ஏற்பாடு. காயம் சுத்தமாக, மூடியபடி இருக்கும், நோயாளியும் தேறுவார், டீமும் தயாராகும். ஆனால் மிஷின் இருக்கிறதே என்று ஃபிளாப்பை வாரக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. மார்கோ கோடினா என்ற ஸ்லோவேனிய அறுவை மருத்துவர் 532 நோயாளிகளின் கணக்கை 1986-ல் வெளியிட்டார். 72 மணி நேரத்துக்குள் மூடியவர்களில் ஃபிளாப் தோற்றது 100-க்கு ஒன்றுக்கும் குறைவு. 72 மணி நேரத்துக்கும் 3 மாதத்துக்கும் நடுவில் மூடியவர்களில் 100-க்கு 12. அதற்குப் பிறகு கருவிகளும் கைத்திறனும் எவ்வளவோ வளர்ந்துவிட்டன, ஆனாலும் சீக்கிரம் மூடுவது நல்லது என்பது மாறவில்லை. உங்கள் அண்ணனுக்கு ஒரு வாரத்துக்குள் மூடிவிட்டார்கள் என்பது மனதுக்கு ஆறுதலான விஷயம்.

இந்த விஷயத்தில் கோவைக்குத் தனிப் பெயர் உண்டு. திறந்த எலும்பு முறிவில் காலைக் காப்பாற்றலாமா, எடுக்க வேண்டுமா என்று முடிவெடுக்க உதவும் ஒரு மதிப்பெண் முறையைக் கங்கா மருத்துவமனை மருத்துவர்கள் உருவாக்கி 2006-ல் வெளியிட்டார்கள். தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, நோயாளியின் மற்ற உடல்நிலையையும் சேர்ப்பார்கள். 14-க்குள் வந்தால் காப்பாற்ற முயலலாம், 17-ம் அதற்கு மேலும் போனால் எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும், நடுவில் இருந்தால் அனுபவமுள்ளவர்கள் கூடி முடிவு செய்வார்கள். எலும்பு டாக்டரும் பிளாஸ்டிக் சர்ஜனும் முதல் நாளிலிருந்தே ஒன்றாக நின்று காலைப் பார்ப்பது நம் பக்கத்துக்குப் பழகிய விஷயம். விசைத்தறி, டிராக்டர், ரிக் வண்டி, நெடுஞ்சாலை என்று கை காலைப் பறிக்கிற காரணங்கள் இங்கே குறைவில்லையே.

சரி, பஞ்சு இருக்கும் இடத்துக்கு வருவோம்.

நீங்கள் எழுதியபடி தசையை வைத்து அதன் மேல் தோல் ஒட்டியிருக்கிறார்கள். அந்தத் தோல் மேல் பஞ்சு இருந்தால் அது தோலைப் பிடித்து வைக்கத்தான். ஒட்டுத்தோல் காகிதம் போல மெல்லிசு. முதல் ஒன்றிரண்டு நாள் அடியிலிருந்து கசியும் நீரைக் குடித்துத்தான் உயிரோடிருக்கும். அப்புறம்தான் கீழே இருக்கும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களோடு சேரத் தொடங்கும். அந்த நாட்களில் தோல் நகர்ந்தாலோ, அடியில் ரத்தமோ நீரோ தேங்கினாலோ பிடிப்பு போய்விடும். கால் போன்ற வளைவான இடத்தில் வெறும் துணிக்கட்டு தோலை ஒரே சீராக அழுத்தாது. பஞ்சு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தி, தேங்குகிற நீரையும் இழுத்துவிடும். தோலுக்கும் பஞ்சுக்கும் நடுவில் பாரஃபின் தடவிய வலைத்துணியோ சிலிக்கான் வலையோ வைத்து, அழுத்தத்தையும் வழக்கத்தைவிடக் குறைத்து, நாலைந்து நாள் பிரிக்காமல் விடுவது பழக்கம். ஆனால் இதை ஆபரேஷன் அன்றே வைத்திருப்பார்கள். ஆறாம் நாள் புதிதாக வந்தது என்கிறீர்கள், அதனால் இது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. தோலைத் தாமதமாக ஒட்டியிருந்தால் மட்டும் பொருந்தும்.

தொடையில் இருந்தால் கவலையே படாதீர்கள். சதை எடுத்த இடத்தில் நீர் சேரும், சில சமயம் தையல் கொஞ்சம் விலகும். அங்கே வைத்த மிஷினுக்கும் காலில் வைத்த ஃபிளாப்புக்கும் சம்பந்தம் இல்லை. மூடிய தையலுக்கு மேல் நீளவாக்கில் மெல்லிசாக வைத்திருந்தால் அது தையலுக்குத் துணை. மூட்டுக்குப் பக்கம் இழுவிசை அதிகமுள்ள தையலில், படுக்கைப்புண்ணுக்கு ஃபிளாப் வைத்த இடத்தில் இப்படி வைப்பதுண்டு.

ஆறாம் நாள் வந்தது என்பதால் எனக்குத் தோன்றுவது இன்னொன்று. ஃபிளாப்பின் ஏதோ ஒரு ஓரம் விலகியிருக்கலாம், அல்லது நுனியில் கொஞ்சம் கறுத்து அதை வெட்டி எடுத்திருக்கலாம், அல்லது ஒட்டுத்தோலில் ஒரு பகுதி பிடிக்காமல் போயிருக்கலாம். ஃபிளாப்பின் கடைசி நுனிதான் ரத்தக் குழாயிலிருந்து தூரமான இடம், அங்கேதான் ரத்தம் முதலில் குறையும். ஓரத்தில் இரண்டு விரல் அகலம் போனாலும் எலும்பை மூடிய நடுப்பகுதி சிவப்பாக, சூடாக இருந்தால் ஃபிளாப் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. விட்டுப்போன ஓரத்தில் புதுச்சதை ஏற மிஷின் உதவும். ஏறிய பிறகு தானாக மூடும், இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் தோல் ஒட்டுவார்கள். இதைத் 'தோல்வி' என்று சொந்தக்காரர்கள் சொல்வது அண்ணன் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படுத்திருக்கிறவருக்கு அந்த ஒரு வார்த்தை போதும், சாப்பாடும் தூக்கமும் போய்விடும்.

ஆனால் ஓரத்தில் எலும்போ, போட்ட பிளேட்டோ தெரிகிறது, சீழ் வருகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் மிஷின் வைத்ததோடு விட முடியாது. உள்ளே தொற்று இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கழுவ வேண்டும். எலும்பில் புரையோடிய தொற்றைச் சரிசெய்யாமல் மேலே பஞ்சை வைத்து மூடக் கூடாது என்பது இந்தச் சிகிச்சையின் அடிப்படை விதிகளில் ஒன்று. செத்த சதை, புற்றுநோய் உள்ள புண், திறந்து கிடக்கும் ரத்தக் குழாய், இவற்றின் மேலும் வைக்கக் கூடாது.

பஞ்சு ஃபிளாப் மேலேயே, சுற்றிலும் இருந்தால் மட்டும் நான் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பேன். மிஷின் இழுக்கிறது என்று சொன்னேன் இல்லையா? இழுக்கும்போது வெளிக்காற்று பஞ்சைக் கீழே தள்ளுகிறது. அதனால் பஞ்சுக்கு அடியில் இருக்கும் திசு அமுக்கப்படுகிறது. ஒட்டுத்தோலுக்கு இந்த அமுக்கம் நல்லது. ஆனால் ஃபிளாப்புக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் போகிற பாதையில் இதே அமுக்கம் விழுந்தால் கெடுதல். காலைச் சுற்றி வளையம் போட்ட மாதிரி பஞ்சைக் கட்டினால் இன்னும் மோசம். அனுபவமுள்ளவர்கள் குழாய் போகும் பக்கத்தை விட்டுவிட்டுத்தான் பஞ்சை வெட்டுவார்கள், அழுத்தத்தைக் குறைத்து வைப்பார்கள், ஃபிளாப்பின் நிறம் தெரிய ஒரு ஜன்னலும் விடுவார்கள். "ரத்தக் குழாய் எந்தப் பக்கம் போகிறது, நாங்கள் எந்தப் பக்கம் அழுத்தாமல் இருக்க வேண்டும்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தலையணை வைக்கும்போதும் கிரேப் பேண்டேஜ் சுற்றும்போதும் இந்த பதில் தேவைப்படும்.

ஃபிளாப்பைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். ரத்தக் குழாய் அடைப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்தில்தான் வரும். அதற்காகத்தான் ராத்திரியெல்லாம் மணிக்கொரு தரம் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அந்தக் கட்டத்தை உங்கள் அண்ணன் தாண்டிவிட்டார். ஆனாலும் தெரிந்துகொள்வது நல்லது. வெளிறி, சில்லென்று இருந்து, விரலால் லேசாக அழுத்திவிட்டால் நிறம் திரும்ப நேரமானால் உள்ளே வரும் ரத்தத்தில் தடை. நீலம் பாய்ந்து, உப்பி, அழுத்திவிட்டதும் நிறம் சட்டென்று திரும்பினால் வெளியே போகும் ரத்தத்தில் தடை. எங்கள் வார்டில் ஒருமுறை கரூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் விடிகாலையில் ஓடி வந்து, "சிஸ்டர், ராத்திரி பார்த்ததுக்கு இப்ப கத்திரிக்காய் நிறமாட்டத் தெரியுதுங்க" என்றார். படிக்காதவர். ராத்திரி ட்யூட்டி டாக்டர் வந்து பார்த்ததும் நேராகத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். சிரையில் இருந்த ரத்தக்கட்டியை எடுத்துத் திரும்பத் தைத்தார்கள். ஃபிளாப் பிழைத்தது. அந்த அம்மா காலையில் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருந்தால் பிழைத்திருக்காது. மிஷினின் திரையை எத்தனை முறை பார்த்தாலும் இந்தச் சேதி அதில் வராது. மிஷினுக்குத் தெரிந்தது காற்றழுத்தம் மட்டும்தான்.

இன்னும் ஒன்றையும் மனதில் வையுங்கள். மிஷின் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் சில இடங்களில் பரவியிருக்கிறது. பிரிட்டனில் காலில் திறந்த முறிவு உள்ள 460 பேரிடம் மிஷினையும் சாதாரண டிரஸ்ஸிங்கையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2018-ல் வந்தது. ஒரு வருஷம் கழித்து நடமாட்டத்தில் இரண்டு பக்கமும் வித்தியாசமில்லை. அடிபட்ட காலில் ஆபரேஷன் செய்து மூடிய தையல் மேல் மிஷின் வைத்தும் வைக்காமலும் 1,548 பேரிடம் செய்த இன்னொரு ஆய்வு 2020-ல் வந்தது. ஒரு மாதத்துக்குள் ஆழமான தொற்று வந்தது மிஷின் வைத்தவர்களில் 100-க்கு 5.84, வைக்காதவர்களில் 6.68. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. நான் மிஷினுக்கு எதிரி இல்லை. நீர் நிறையக் கசியும் காயத்தில் தினம் இரண்டு தடவை கட்டுப் பிரிக்கிற வேதனையை அது மிச்சப்படுத்துவதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் செலவு கட்டுப்படியாகாமல் டாக்டரே "மிஷின் வேண்டாம், சாதாரணக் கட்டே போதும்" என்றால், அண்ணனுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று நினைத்துக் கடன் வாங்க ஓடாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருந்தால், இப்போது வைத்த மிஷினும் வீட்டுக்குப் போன பிறகு ஆகும் பஞ்சு மாற்றமும் அதில் வருமா என்று டிஸ்சார்ஜுக்கு முன்னாலேயே மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுன்டரில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பயப்பட வேண்டியது முதலில் ரத்தம். டியூபிலோ, இழுத்த நீர் சேரும் மிஷின் டப்பாவிலோ இளஞ்சிவப்பாக நீர் வருவது சகஜம். பளிச்சென்ற சிவப்பு ரத்தம் ஓடினால், டப்பா திடீரென்று ரத்தத்தால் நிறைந்தால், உடனே மிஷினை அணையுங்கள். கட்டைப் பிரிக்காதீர்கள். மேலே சுத்தமான துணி வைத்து அழுத்திப் பிடித்து, காலை உயர்த்தி, 108-ஐக் கூப்பிடுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-லும் 2011-லும் இந்த மிஷின்கள் பற்றி எச்சரிக்கை வெளியிட்டபோது, இறப்புகளுக்கு முக்கியக் காரணமாகச் சொன்னது ரத்தப்போக்கைத்தான். ரத்தக் குழாய் தைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ ஊசியோ கொடுத்திருக்கலாம். அண்ணன் அப்படி ஏதாவது எடுக்கிறாரா என்று கேட்டு, டிஸ்சார்ஜ் சீட்டில் பேரைப் பார்த்து வையுங்கள்.

அதே எச்சரிக்கையில் இருந்த இன்னொன்று, உள்ளே விட்டுப்போன பஞ்சுத் துண்டு. சின்னத் துண்டுகளாக வெட்டி ஆழமான பொந்தில் வைத்து, அடுத்த முறை எடுக்கும்போது ஒன்று தங்கிவிட்டால் அங்கேயே சீழ் வைக்கும். எத்தனை துண்டு வைத்தோம் என்று ஃபிலிம் மேலேயே மார்க்கரால் எழுதுவது நல்ல வழக்கம். உங்கள் அண்ணன் கட்டில் அப்படி எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். பிரிப்பவர் அதே எண்ணிக்கையை எடுத்தாரா என்று நீங்களும் எண்ணலாம்.

பஞ்சை வழக்கமாக 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்கு மேல் விட்டால் புதுச்சதை பஞ்சுக்குள்ளேயே வளர்ந்து, பிரிக்கும்போது பிய்ந்து ரத்தம் வரும், உயிர் போகிற வலி வரும். பிரிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் வலி மாத்திரை போட்டுவிட்டு, மிஷினை அணைத்து, டியூப் வழியாகச் சலைன் விட்டு ஊறவைத்துப் பிரித்தால் வலி பாதியாகும். பிரிப்பவரிடம் தயங்காமல் கேளுங்கள். அந்தியூரிலிருந்து கோவைக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வெளிக்கம்பி போட்ட காலோடு வந்து போவது கஷ்டம். நடுவில் ஈரோடு பக்கம் வேக் மாற்றத் தெரிந்த செவிலியரோ மருத்துவமனையோ உண்டா என்று டிஸ்சார்ஜுக்கு முன்னாலேயே பேசி ஏற்பாடு செய்துகொண்டு கிளம்புங்கள். இந்த ஏற்பாடு இல்லாமல் மிஷினோடு வீட்டுக்குப் போவதைவிட, வார்டில் நாலு நாள் கூடுதலாக இருப்பது மேல் என்பேன்.

அப்புறம் கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று பேப்பரில் போடுவார்கள், முந்தின ராத்திரியே மிஷினை முழுசாக சார்ஜ் ஏற்றிவிடுங்கள். எந்தக் காரணத்தாலும் ஒரு நாளில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் மிஷின் நின்றுபோனால் அந்தப் பஞ்சை அப்படியே விடக் கூடாது. இழுக்காத பஞ்சு அழுக்கு நீரைக் காயத்தின் மேலேயே மூடி வைத்திருக்கும், கிருமி பெருகும். எடுத்துவிட்டுச் சலைனில் நனைத்த துணிக்கட்டு போட வேண்டும். அதை யார் செய்வது என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மிஷின் கத்தினால் பதறாதீர்கள். டியூப் மடங்கியிருக்கும், டப்பா நிறைந்திருக்கும், இல்லாவிட்டால் எங்கேயாவது காற்று கசியும். ஃபிலிமின் ஓரமாகக் காதை வைத்தால் 'உஸ்' என்று மெல்லிய சத்தம் கேட்கும். முடி இருக்கிற இடத்திலும் கம்பி நுழைகிற இடத்திலும்தான் அநேகமாகக் கசியும். கொடுத்தனுப்பிய ஃபிலிமில் ஒரு துண்டை வெட்டி அந்த இடத்தில் ஒட்டினால் நின்றுவிடும்.

அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: முட்டையும் பருப்பும் சீழ் வைக்காது. சீழ் வைப்பது கிருமி. பெரிய காயம் ஆறும்போது உடம்புக்கு ஒரு கிலோ எடைக்குத் தினம் ஒன்றேகால் முதல் ஒன்றரை கிராம் புரதம் வேண்டும். அண்ணன் 60 கிலோ என்றால் 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. வெறும் ரசஞ்சோறும் இட்லியும் கொடுத்தால் இந்தக் கணக்கில் பாதிகூட வராது. போதாததற்கு, மிஷின் இழுக்கிற நீரோடு கொஞ்சம் புரதமும் போய்க்கொண்டே இருக்கும். நாமக்கல் முட்டையை ஊருக்கெல்லாம் அனுப்புகிற நாம், நம் வீட்டு நோயாளிக்கு அதை மறுப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் அரிசிம்பருப்பு சாதத்தில் பருப்பைத் தாராளமாகப் போட்டு, கொள்ளு, தட்டைப்பயறு, தயிர், வாரத்தில் சில நாள் கோழியோ மீனோ கொடுக்கலாம். சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைத்தியம் தெரிந்த பெரியவர்கள் மஞ்சள் பொடியும் வேப்பெண்ணெயும் கொண்டுவந்து ஃபிலிம் ஓரத்தில் தடவப் பார்ப்பார்கள். அன்போடு செய்வதுதான், ஆனாலும் வேண்டாம். எண்ணெய் பட்டால் ஃபிலிம் ஒட்டாது, சீல் போய்விடும். பீடி, சிகரெட்டை மட்டும் முழுசாக நிறுத்த வேண்டும். நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கும். மைக்ராஸ்கோப் வைத்துத் தைத்த குழாய்க்கு அது நேர் எதிரி. பார்க்க வருகிற நண்பர்கள் ஒரு இழுப்பு கொடுக்கிறேன் என்றால் வாசலிலேயே நிறுத்துங்கள்.

காலைத் தலையணை மேல் உயர்த்தியே வைத்திருக்கச் சொல்லியிருப்பார்கள். புதுச் சதைக்கு ரத்தம் கீழே தேங்காமல் மேலே ஏறப் பழக வேண்டும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குப் பிறகு, கிரேப் பேண்டேஜ் சுற்றி, முதலில் ஐந்து நிமிஷம் தொங்கவிட்டு, நிறம் பார்த்து, மெதுவாக நேரத்தைக் கூட்டுவார்கள். இதை உங்கள் டாக்டர் சொல்கிற நாளில்தான் தொடங்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்போது தொடங்கினார்கள் என்பது கணக்கில்லை. பாத்ரூம் போக அவசரப்பட்டுக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் ஃபிளாப் நீலமாவதை நீங்களே பார்ப்பீர்கள். பெட்பேனும் யூரின் பாட்டிலும் வீட்டில் வாங்கி வைத்துவிடுங்கள், கூச்சப்பட இதில் எதுவும் இல்லை.

பிசியோதெரபிஸ்ட்டிடம் நாளைக்கே ஒன்று கேளுங்கள்: கணுக்காலையும் விரலையும் அசைக்கலாமா, எந்த அளவு? ஃபிளாப்பையும் மிஷினையும் பார்த்துக்கொண்டு எல்லோரும் பாதத்தை மறந்துவிடுகிறார்கள். பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடந்தால் குதிகால் தசைநார் இறுகி, காயம் ஆறி எலும்பு கூடிய பிறகும் பாதத்தைத் தரையில் சரியாகப் பதிக்க முடியாது. அனுமதி கிடைக்கும்வரை பாதம் நேராக நிற்க ஒரு ஸ்பிளின்ட் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள், அதை மிஷின் டியூப் மேல் அழுத்தாத மாதிரி கட்டச் சொல்லுங்கள்.